கராஜ் வாசல்: தூங்கும் காரை எழுப்பாதீர்கள்

சென்ற இதழில், 1968இல் செய்யப்பட்ட என் எம்.ஜி.பி. என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக் கைப்பிடி கழன்று கையோடு வந்த கதையைப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களைப் பார்த்தால், திருகோணமலையைச் சுற்றியுள்ள கொட்டில்களுக்குள் இத்தனை பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று மலைப்பாக இருக்கிறது. தண்ணீர்ப் பம்பி, மோட்டார்ச் சைக்கிள் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை கார்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பம்பிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் வெங்காயம் காய்ந்தால் அந்தப் பழியும் எனக்குத்தான் என்று தெரியும்.

ஐயா, அப்பாவின் 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. எங்கள் வீட்டுக் கொட்டிலில் 11 வருடமாக நிற்கிறது. கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பாட்டனாரிடம் கொடுத்துவிட்டுப் போன கார் என்று வீட்டில் சொல்வார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு ஸ்டார்ட் செய்து காட்ட ஆசை. புதிய 12 வோல்ட் பற்றரியும் வாங்கிவிட்டேன். சாவியைத் திருப்பலாமா?
*— உவர்மலை வாசகர்*

திருப்ப வேண்டாம். பற்றரிக் கடைக்காரர் பற்றரியை மாற்றித் தருவாரா என்று நாளைக் காலையே போய்க் கேளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைக்கார அதிகாரியை வழியனுப்பிவிடுவோம். பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957இல். எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக வெளிவந்தது 1962இல். பிறக்காத காரை யாரும் விட்டுச் செல்ல முடியாது. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. என்றால் 1955இலிருந்தே இருந்தது, கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆகவே பொனற்றைத் திறந்து உள்ளே அறைந்திருக்கும் தகட்டைப் பாருங்கள். எண் ‘ஜி.எச்.என்.3’ என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை, அது எம்.ஜி.பி. அந்த எழுத்துகளில் ‘ஜி’ என்பது எம்.ஜி. நிறுவனம், ‘எச்’ என்பது 1400இலிருந்து 1999 சி.சி. வரையான எஞ்சின் வகுப்பு, ‘என்’ என்பது இரண்டு இருக்கைத் திறந்த கார். எஞ்சின் எண் ‘18 ஜி.பி.’ என்று தொடங்கினால் இன்னும் மகிழ்ச்சி. 1964 ஒக்டோபருக்குப் பின் வந்த, ஐந்து பெயரிங் தாங்கும் கிராங்க் உள்ள எஞ்சின் அது. அதற்கு முந்தியதில் மூன்றுதான். தகடு சொல்வதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் கதையை அம்மாவிடம் கலைக்கத் தேவையில்லை.

இனிப் பற்றரி. 1967 வரை செய்த எம்.ஜி.பி.களில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. கடைப் பையன் பழக்க தோஷத்தில் கறுப்பு வயரை உடலுக்குக் கொடுத்துவிடுவான். விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும், எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். டைனமோ சார்ஜ் செய்யத் தொடங்கும்போதுதான் வினை தெரியும். அப்பா ரேடியோ ஏதாவது பூட்டியிருந்தால் அது அந்த நிமிடமே போய்விடும். இன்னொன்று: அந்தக் காரில் பற்றரி ஒன்றல்ல, 6 வோல்ட் பற்றரி இரண்டு. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்குக் கீழே ஆளுக்கொரு கூடையில் தொங்கும். நீங்கள் வாங்கிய பெரிய பற்றரி அந்தக் கூடைக்குள் இறங்காது. கூடைக்கு அளவான சிறிய 12 வோல்ட் பற்றரி ஒன்றை ஒரு பக்கத்தில் வைத்து மறுபக்கத்தில் சாமான் வைத்துக்கொள்வோரும் உண்டு, தவறில்லை. இடையில் யாராவது முனையை மாற்றியும் இருக்கலாம். எதையும் கழற்றும் முன் பழைய வயர்கள் எங்கெங்கே போகின்றன என்று படம் எடுத்து வையுங்கள்.

எஞ்சினுக்கு வருகிறேன். 11 வருடம் நின்றதில் சிலிண்டர்ச் சுவரில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்காது. கார் நிறுத்திய அன்று எந்த வால்வு திறந்தபடி நின்றதோ அந்தச் சிலிண்டருக்குள் ஒவ்வொரு மாரிக்கும் ஈரக்காற்று போய் வந்திருக்கும். உவர்மலையில் அது வெறும் ஈரக்காற்று அல்ல, உப்புக் காற்று. பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். எஞ்சின் எண்ணெயும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி விடுங்கள். துணியால் மூடிவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு நான்காம் கியரில் போட்டு, பிளக் இல்லாமலே, இரண்டு பேர் காரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். தொட்டில் ஆட்டுவதுபோல. அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் ஒரு வாரம்.

லொறியில் கட்டி இழுப்போம் என்று யாராவது சொல்வார்கள். சொல்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில் நானும் என் கூட்டாளியும் அப்படித்தான் மூன்று வருடம் நின்ற ஒரு காரை உள்துறைமுக வீதியில் லொறிக்குப் பின்னால் இழுத்தோம். ஸ்டார்ட் ஆகியது. கை தட்டினோம். வளையம் உடைந்து சிலிண்டரைக் கீறிக்கொண்டு ஓடிய சத்தத்தை எஞ்சினின் குரல் என்று நினைத்துத்தான் கை தட்டினோம். முதலாளி மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், நியாயம்தான்.

எஞ்சின் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகு பழைய எண்ணெயை இறக்கி, பில்ட்டர் மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெய் விடுங்கள். இப்போதும் பிளக் இல்லாமல், ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் எழும்புகிறதா என்று பாருங்கள். முள் எழும்பாத எஞ்சினுக்குப் பிளக் பூட்டக் கூடாது. பின்னாளில் சூடாக ஓடும்போது 50இலிருந்து 80 இறாத்தல் காட்ட வேண்டும்.

தாங்கியில் உள்ள பெற்றோலை மணந்து பாருங்கள். வார்னிஷ் மணம் வந்தால் அது பெற்றோல் இல்லை. தாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் வந்து, காபரேற்றர் நிரம்பியதும் நின்றால் பெற்றோல் பம் நலமாக இருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் ஸ்பானர் பிடியால் பம்மைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுங்கள். உள்ளே மின்சாரத்தைத் தொடுத்துவிடும் பொயின்ற் ஒட்டியிருக்கும். தட்டினால் ஓடும், ஆனால் அதை நம்பிக் கந்தளாய்க்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக். உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், கைப்பிரேக் மட்டும் மிஞ்சும். உவர்மலையில் இருந்து இறங்கும் வீதியில் அதை நீங்கள் கண்டுபிடிப்பதை நான் விரும்பவில்லை. றப்பர்க் குழாய்கள், சிலிண்டர் சீல்கள் அனைத்தும் புதியவை. விவாதமே வேண்டாம். ஓடாத கார் கொட்டிலில்தான் நிற்கும். நிற்காத கார் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவின் பிறந்தநாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதம் என்றால் சேலை வாங்கிக் கொடுங்கள்.

வீட்டிலிருந்து கடற்கரை இருநூறு யார். என் எம்.ஜி.பி.யின் கதவுக்குக் கீழே பெயின்ற் கொப்புளமாக எழும்புகிறது. டிங்கர் பாஸ் சுரண்டிப் புட்டி வைத்துப் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்கிறார். நான் வாரம் தவறாமல் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, பிளாஸ்டிக் படங்கால் மூடித்தான் வைத்திருக்கிறேன். பிறகும் ஏன் இப்படி?
*— நிலாவெளி வாசகர்*

இத்தனை பாசத்தோடு ஒரு காரை யாரும் கொன்றதில்லை, ஐயா. கோபிக்காதீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கடற்கரைக் கிணறு கோடையில் உவர்க்கும். உவர்த் தண்ணீரால் வாரம் ஒருமுறை கழுவினால் வாரம் ஒருமுறை உப்பு பூசுகிறீர்கள். உப்பு காய்ந்துவிட்டால் தீங்கில்லை என்று சிலர் சொல்வார்கள். காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மாரியில் உப்புச் சட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். அந்த ஈரந்தான் இரவு முழுக்க இரும்போடு பேசிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் படங்கு போட்டால் ஈரம் வெளியே போக வழியில்லை, உள்ளே வேர்த்து ஊற்றும். பருத்தித் துணி உறை போடுங்கள், அல்லது கூரை மட்டும் போதும், காற்று ஓடட்டும். கச்சான் வீசும் மாதங்களில் பொனற்றையும் கதவுகளையும் திறந்து விட்டாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும். அந்தக் காற்றால் நமக்கு உள்ள ஒரே லாபம் அது.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர். மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் முக்கியம். சக்கரக் கூட்டின் உள்விளிம்பில் மண் ஈரமாகத் தங்கும், விரலை விட்டு எடுங்கள். கதவுக்கு அடியிலும் அதன் கீழே நீளமாக ஓடும் பெட்டிக்கு அடியிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். பெயின்ற் அடித்தவர்கள் அவற்றை அடைத்திருப்பார்கள், குத்தி விடுங்கள்.

இப்போது அந்தக் கொப்புளம். எம்.ஜி.பி.யில் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டியை நாங்கள் சில் என்போம். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். கப்பலுக்கு அடியில் நீளமாக ஓடும் ஏரா எப்படியோ அப்படி. அது மூன்று தகடுகளால் ஆனது: வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு. வெளியே கொப்புளம் தெரியும்போது நோய் உள்ளே தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கும். புட்டி வைப்பது பல் சொத்தைக்கு மேல் சுண்ணாம்பு பூசுவதுபோல.

சோதனை எளிது. கதவைச் சாத்தி, கதவுக்கும் பின் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். காரை ஜாக்கியில் மெதுவாகத் தூக்குங்கள். மேல் இடைவெளி ஒடுங்கினால், அல்லது தூக்கிய நிலையில் கதவு திறக்க மறுத்தால், சில் போய்விட்டது. நான் இதை வேறு விதமாகக் கற்றேன். என் காரை வாங்கிய புதிதில் ஜாக்கியை வைத்து அடித்தேன். கார் எழும்பவில்லை, ஜாக்கி மட்டும் காருக்குள் எழும்பியது. மனைவி வாசலில் நின்று, ‘இது தகடா, பப்படமா?’ என்று கேட்டாள். புட்டிக்குள் பழைய செய்தித்தாள் திணித்திருந்தார்கள். வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தது, அதுவே ஆறுதல்.

ஆகவே உங்கள் பாஸிடம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வாரா என்று கேளுங்கள். வெட்டும் முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கட்ட வேண்டும் என்று அவரே சொன்னால் வேலை தெரிந்தவர். நீங்கள் சொல்ல வேண்டியிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வேலை முடிந்ததும் சில்லின் உட்குழிக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் வைத்துப் பீச்ச வேண்டும், ஒவ்வொரு மாரிக்கு முன்பும்.

என் 1972 ட்ரையம்ப் ஸ்பிட்பயர் கிண்ணியாச் சந்திவரை நன்றாகப் போகிறது. ஹபரணைப் பக்கம் ஓடினால் வெப்ப முள் சிவப்பில் ஏறுகிறது. மெக்கானிக் தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிட்டார். பிறகும் ஏறுகிறது.
*— தம்பலகாமம் வாசகர்*

கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு இருக்கிறதே, போதாதா? எட்டாவதாக உங்கள் ரேடியேற்றரும் வேண்டுமா?

தேர்மோஸ்டாற்றைத் திரும்பப் பூட்டுங்கள். அது தண்ணீரை மறிக்கும் பூட்டு அல்ல. எஞ்சின் சூடாகும்வரை மட்டும் மூடியிருந்து பிறகு திறந்துகொள்ளும் வாசல். கழற்றிவிட்டால் குறுகிய தூர ஓட்டத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, எண்ணெய் கூழாகும், சிலிண்டர் தேயும். ஹபரணை வீதிச் சூட்டுக்கும் தீர்வு ஆகாது. சந்தேகம் இருந்தால் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள். 82 பாகை என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்க வேண்டும்.

மெதுவாக ஓடும்போது சூடானால் விசிறியைச் சந்தேகப்படு, வேகமாக ஓடும்போது சூடானால் ரேடியேற்றரைச் சந்தேகப்படு என்று என் குருநாதர் சொல்வார். உங்களுடையது இரண்டாவது. நீங்கள் ஊற்றுவது என்ன தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர்தானே? கேத்தல் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேற்றர்க் குழாய்களிலும் படியும். கழற்றி, மேல் தொட்டியைத் திறந்து குழாய்களைக் குத்தித் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறகு கூலன்ற் கலந்த வடிநீர் மட்டும். மூடியையும் மாற்றுங்கள். 10 இறாத்தல் அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, சுமார் 115 பாகைவரை தாங்கும். மூடியின் றப்பர் போனால் அந்த 15 பாகையும் போய்விடும். ஒரு சிறு மூடிக்காக எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டையே கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பிட்பயருக்கென்றே ஒன்று: முன் மூக்கு முழுவதையும் சாய்த்துத் திறந்து, ரேடியேற்றருக்கு முன்னால் இரு பக்கமும் கடதாசி மட்டை மறைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்றை ரேடியேற்றருக்குள் வழிநடத்துபவை அவை. அட்டைதானே என்று யாரோ பிய்த்து எறிந்திருப்பார். அட்டை வெட்டி நீங்களே செய்யலாம். பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் சூடேறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஆள் செத்திருக்கிறது. உங்கள் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு கீழே ஒரு பித்தளை முட்டுக்குள் மரையாகத் திருகியிருக்கும். ட்ரனியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி.90 கியர் எண்ணெய்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, உள்ளே தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் வளைவில் முறியும். சக்கரம் உங்களுக்கு முன்னால் ஓடும். சர்வீஸ் பையனுக்கு இது தெரியாது, ‘நிப்பிள்’ என்னும் எல்லா கிரீஸ் முலையிலும் கிரீஸ் துப்பாக்கியை வைப்பான். பக்கத்தில் நில்லுங்கள்.

எம்.ஜி.பி. கியர்ப் பெட்டிக்குக் கடைக்காரர் இ.பி.90 தந்தார். சரியா?
*— மூதூர் வாசகர்*

இல்லை. இந்தக் காரின் கியர்ப் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெய்தான், அதே 20டபிள்யூ-50. ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் இருந்தால் அதுவும் அந்த எண்ணெயையே குடிக்கும். இ.பி.90 பின் அச்சுக்கு. கடைக்காரர் மேல் குற்றமில்லை. கியர்ப் பெட்டி என்றால் கியர் எண்ணெய் என்று நினைப்பது மனித இயல்பு.

எம்.ஜி.பி.க்கு 92 பெற்றோலா 95ஆ? ஈயம் கலந்த திரவம் போத்தலில் விற்கிறார்கள், ஊற்ற வேண்டுமா?
*— உப்புவெளி வாசகர்*

95 ஊற்றுங்கள். எம்.ஜி.பி. எஞ்சினின் அமுக்க விகிதம் 8.8, அந்தக் காலத்து உயர்தரப் பெற்றோலுக்காகச் செய்தது. 92 ஊற்றி ஏற்றத்தில் மிதித்தால் சலங்கை கட்டியதுபோல் எஞ்சினுக்குள் கலகலக்கும். அது பரதநாட்டியமல்ல, பிஸ்டனின் ஒப்பாரி.

ஈயம் நம் நாட்டுப் பெற்றோலிலிருந்து 2002இல் நீக்கப்பட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வெளியேற்று வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயந்தான் மெத்தையாக இருந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும், இடைவெளி குறையும். கோவிலுக்கும் கடற்கரைக்கும் ஓடும் காருக்கு அவசரம் ஒன்றுமில்லை. வருடம் ஒருமுறை வால்வு இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா என்று அளந்து வாருங்கள். ஒரே வால்வு திரும்பத் திரும்ப ஒடுங்கினால், ஹெட் கழற்றும் நாளில் கடினமான இருக்கை வளையம் பூட்டுங்கள். பிறகு போத்தல் வேண்டாம். போத்தல் விற்பவர் என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

இரட்டைக் காபரேற்றர். ஐடிலில் கறுப்புப் புகை, பெற்றோல் மணம். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது?
*— சீனன்குடா வாசகர்*

திருகில் கை வைக்கும் முன் வால்வு இடைவெளி, பற்றவைப்புப் பொயின்ற், பிளக் மூன்றையும் சரிபாருங்கள். காபரேற்றரின் குற்றம் என்று எனக்கு வந்த கார்களில் பாதி பொயின்ற்றின் குற்றம். பிறகு காற்று வடிகட்டிகளைக் கழற்றி, இரண்டு முழ றப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை ஒவ்வொரு காபரேற்றர் வாயிலும் வையுங்கள். இரண்டும் ஒரே சுதியில் சீறும்வரை ஐடில் திருகுகளைச் சமன் செய்யுங்கள். நாதஸ்வரக்காரருக்கு இந்த வேலை நன்றாக வரும், சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

சமன் ஆன பிறகுதான் கலவை. காபரேற்றருக்கு அடியில் பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசி இருக்கும். அதை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே அணைந்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அதிகமாக இருந்தால் கீழே உள்ள ஜெற் நட்டை மேல்நோக்கி ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மட்டும் திருப்பிவிட்டு மீண்டும் தூக்கிப் பாருங்கள். இரண்டு முகம் திருப்பிவிட்டு எங்கே தொடங்கினோம் என்று மறந்தவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுபவர்கள். மேல் மூடியைத் திருகி, பிஸ்டனின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிதவை ஊசி தேய்ந்து பெற்றோல் வழிந்தால் இந்தச் சங்கீதம் எதுவும் பலிக்காது.

மாமா, என்னிடம் 1990 மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் இருக்கிறது. மாரி தொடங்கியதும் இருக்கைக்கு அடியில் குளம் கட்டுகிறது. கூரைத் துணி புதியது. கிளச்சும் சில நாட்களில் அடிவரை இறங்குகிறது.
*— கிண்ணியா வாசகர்*

தம்பி, இது ஆங்கிலக் காரின் கனவை ஜப்பான்காரர் ஒழுகாத எஞ்சினோடு செய்தது. 1989இல் வந்தது. ஒழுகாதது எஞ்சின் மட்டும். கூரைத் துணியில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால் குழாய் வழியாக இறங்கிச் சில்லுக்கு அருகே வெளியேற வேண்டும். வேப்பஞ்சருகு அங்கே போய் அடைத்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழிந்தால் தண்ணீர் சில்லுக்குள்ளேயே இறங்கும். தரை விரிப்பைக் கழற்றி வெயிலில் போடுங்கள். அடியில் உள்ள பஞ்சு ஒரு மாதம் ஈரம் வைத்திருக்கும்.

கிளச் இறங்குவது அநேகமாகக் கியர்ப் பெட்டியோரம் உள்ள சிறு சிலிண்டர் ஒழுகுவதால். இந்த மாடலின் பரம்பரை நோய், மலிவான மருந்து. டைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றர்தான் அதன் ஆயுள். இந்த 1.6 எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் முட்டாது, கார் வழியில் நிற்கும், அவ்வளவுதான். பற்றரி பின் டிக்கிக்குள் இருக்கிறது. சாதாரணப் பற்றரி வைத்திருந்தால் அதன் வாயு வெளியே போகக் குழாய் இணைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்னும்.

எனக்கு 19 வயது. அப்பா தன் எம்.ஜி.பி.யைத் தொடவே விடமாட்டார், ‘பெண் பிள்ளைக்கு ஏன் கிரீஸ்?’ என்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குவார். எங்கே தொடங்கலாம்?
*— பெயர் வேண்டாம், திருகோணமலை நகரம்*

பிள்ளை, அப்பாவுக்குத் தெரியாமல் செய் என்று இந்தப் பக்கத்தில் எழுதினால் உங்கள் அப்பா என் வாசலுக்கு வருவார். ஆகவே, மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்று மட்டும் பொதுவாக எழுதுகிறேன்.

எம்.ஜி.பி.யின் முன்சக்கரங்கள் கிங்பின் என்ற தண்டில் திரும்புகின்றன. அதற்கு 3000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கிரீஸ் ஏற்ற வேண்டும். பெரும்பாலான ஆண்கள் இதைச் செய்வதில்லை. எஞ்சினைத் துடைத்துப் படம் எடுப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அப்பா ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது என்று முணுமுணுப்பவரா? அப்படியானால் நல்ல வாய்ப்பு. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உடனே தாங்கிக் கால்கள் வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது, இதில் மட்டும் நான் விளையாட்டுப் பேச்சுக்காரன் அல்லன். பாரம் இல்லாமல் சக்கரம் தொங்கும்போதுதான் கிரீஸ் எல்லா இடமும் போகும். கிரீஸ் முலைகளை முதலில் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணலைச் சேர்த்து ஏற்றுவோம். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதியதன் நிறம் தெரியும்வரை அழுத்த வேண்டும். எங்கெங்கே முலை இருக்கிறது என்று காரின் கையேட்டில் படம் உண்டு.

அடுத்த ஞாயிறு பொயின்ற். டிஸ்ட்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, இடைவெளி அதிகபட்சமாக இருக்கும் நிலைக்கு எஞ்சினைச் சுற்றி, 0.015 அங்குலத் தகடு லேசான பிடிப்போடு வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூடி வயர்களைக் கழற்றினால் சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1-3-4-2 என்று சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் பெரிய கையைவிடச் சிறிய விரல் நல்லது. என் கராஜில் இருந்த பையன்களில் யாருக்கும் இது என் இளைய மகளைப்போல் வரவில்லை.

கையில் உள்ள கிரீஸுக்குச் சோப்பு வேண்டாம். தேங்காய் எண்ணெயும் ஒரு கரண்டி சீனியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் நகக்கண் வரைக்கும் போய்விடும். கையேட்டைத்தான் கவனிக்க வேண்டும். அதில் பட்டால் போகாது. என்னுடையதில் கிரீஸ் ஏற்றும் படம் உள்ள பக்கம் முழுக்க விரலடையாளம், பாதி என்னுடையது, பாதி அவளுடையது.